மாலதிக்கும் வந்திருக்குமா

4 மார்ச் 1996, திங்கள்
காலையிலிருந்தே மழை. குடையை மறந்தாச்சு. ஒரே மகள் மாலதியோடு ஆஸ்பத்திரி.

என் கிட்னியில் வந்தது சாதாரணக் கட்டி இல்லையாம். குடும்பத்தில் இறங்கி வருகிற அபூர்வப் புற்றுநோய். மூன்றாவது குரோமோசோமில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அப்பாவிடமிருந்து அண்ணனுக்கும் எனக்கும். அப்பாவும் அண்ணனும் போய்விட்டார்கள். நான் மிச்சமுள்ள ஒரு கிட்னியோடு ஓடுகிறேன், மோசமில்லை.

மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் எடுத்தார்கள், வெளிநாட்டுக்குப் போகும். சிரித்தபடி கையை நீட்டினாள். நான்தான் ஊசியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா சீனப் பெண், சின்ன வயது. குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். என் தாய்மாமாவுக்கு ஒரு சதுரம், மாமனாருக்கு ஒரு சதுரம். இரண்டும் ஒரே ஆள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாமா மகள் கமலாவைத்தான் கட்டினேன் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. படம் மறுபடி முதலிலிருந்து. நல்லவேளை, கோளாறு அப்பா பக்கம்.

12 மார்ச், செவ்வாய்
நல்ல வெயில். வாங்க வேண்டியது: இட்லி அரிசி, சலவைத்தூள், பல்பு 2.

கிள்ளானிலிருந்து மாமா போன். படத்தில் அவரை இரண்டு பேராகப் போட்ட கதையைக் கமலா சொல்லிவிட்டாள். ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமை வருவாராம், இரண்டு ஆள் சாப்பாடு வைக்கணுமாம்.

மாலதிக்கு என் மூக்கு, என் கோபம். என்னிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டது அதோடு போதும். பயமாக இருக்கிறது.

18 ஏப்ரல், வியாழன்
இல்லை. மாலதிக்கு இல்லை.

டாக்டரம்மா காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கண் கலங்கி ஒன்றும் படிக்க முடியவில்லை. கமலா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மாலதி மட்டும் நிதானமாகக் கேட்டாள், நாளைக்கு அவள் பிள்ளைகளுக்கு வருமா என்று. வராதாம். அவளிடம் இல்லாததை அவள் கொடுக்க முடியாதாம். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

வெளியே வந்ததும் மாலதி என் கையைக் கோர்த்துக்கொண்டாள்.

"அப்பா, இதுல நீங்கதான் லாஸ்ட் லா."

ஆமாம், நான்தான் கடைசி. பள்ளிக்கூடத்தில் கடைசியாக வந்து அடி வாங்கியவன், இன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட் மலாய்க்கார அங்கிளிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். எதில் கடைசி என்று அவர் கேட்கவில்லை. கைகுலுக்கினார்.