சித்திரைக்கு அங்கே வெயில் இல்லை

பெக்கோக் எஸ்டேட், மலாயா
பிரமோதூத வருஷம், தை 9

என் கண்ணு சந்திரமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், துணிதான் ஒன்றும் காய்வதில்லை. டர்பனில் நீயும் மாப்பிள்ளையும் உன் அத்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து இங்கே அடைமழை. ஆபீஸ் வாசலில் மழை அளக்கும் குப்பியைக் காலையில் பார்த்து எழுதுவது என் வேலை அல்லவா, முந்தாநாள் மட்டும் ஐந்து அங்குலம், ரப்பர் பால்வெட்டு நின்று போய் லயத்து வீடுகளில் எல்லாரும் சும்மா உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்து அம்மா அழுதாள், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சித்திரையில் பிறக்கும் பிள்ளை தகப்பனுக்கு ஆகாது, பிறந்ததும் உறவுக்காரர் வீட்டில் மூன்று வருஷம் விட்டுவைக்க வேண்டும் என்கிறார்களாமே உன் அத்தை! பெற்ற பிள்ளையை எதற்கம்மா விட்டுவைப்பது? ஊரில் பெரியவர்கள் ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைத்ததெல்லாம் சித்திரை அக்கினி வெயிலில் பிரசவம் ஆகி தாயும் பிள்ளையும் வாடக்கூடாது என்றுதான். வெயிலுக்குச் சொன்னதைத் தகப்பன் தலையில் கட்டிவிட்டார்கள்.

துரை பங்களாவில் பூகோளப் புத்தகம் இரவல் வாங்கி நாலு நாள் படித்தேன். இதை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டு. சம்பந்தியம்மா, உலகம் முழுக்க ஒரே வெயில் இல்லை. சிரபுஞ்சியில் ஒரு வருஷத்துக்கு நானூறு அங்குலத்துக்கு மேல் மழை, சிலி தேசத்து வடக்கே வருஷக்கணக்காக ஒரு சொட்டும் விழாத ஊர்கள் உண்டு. நார்வேயின் வடகோடியில் ஆனி மாதம் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. அப்ப அங்க ராத்திரிச் சோறு எப்பங்க ஆக்குவாங்க என்று என் வீட்டுக்காரி செல்லம் கேட்கிறாள். உங்கள் டர்பன் பூமியின் தென்பாதியில் இருக்கிறது, அங்கே மார்கழி தைதான் கோடை, ஆனி ஆடி குளிர். சித்திரையில் வெயில் தணிந்து இதமாக இருக்கும். அடக் கடவுளே, அப்புறம் அந்தம்மா எதுக்குங்க பயப்படுறாங்க என்று உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு, கண்ணு. ஆடிக் குளிரில் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று விரல் விட்டு எண்ணி, பிளானல் துணி வாங்கி இப்போதே சட்டை தைக்கிறாள். நீயும் ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே.

இந்த இரண்டாம் தாள் உனக்கு மட்டும். கண்ணு, நீயும் சித்திரையில் பிறந்தவள்தான். மருத்துவச்சி கருப்பாயி கொட்டுகிற மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஊர் வாய்க்குப் பயந்து, ஜாதகம் கணிக்கிறவரிடம் வைகாசி இரண்டு என்று நான்தான் பொய் சொன்னேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்று வெட்கப்படுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக நான் கல் மாதிரி இருக்கிறேன். உன்னால் எனக்கு வந்த ஒரே கஷ்டம், நீ கப்பல் ஏறின நாளிலிருந்து வீடு வெறிச்சென்று கிடப்பதுதான். உன் பிள்ளையை யாரிடமும் கொடுக்காதே. முதல் தாளுக்கு அத்தை மசியாவிட்டால் இந்தத் தாளையும் காட்டு, பொய் சொன்ன பழி என்னோடு போகட்டும்.

சுகப்பிரசவம் ஆகி நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பிறந்ததும் தந்தி அடிக்க மாப்பிள்ளையிடம் சொல், அதில் சித்திரை என்றே போடச் சொல்.

உன் அப்பா,
ஐயாசாமி