அரை ஆள் தோண்டிய பள்ளம்

நம் மகளின் அப்பாவுக்கு,

கத்தாரில் வெயில் எப்படி என்று கேட்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை நம் முற்றத்தில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது.

சர்க்கார் குழாயும் சிமெண்டும் தரும், மலை ஊற்றிலிருந்து பள்ளம் தோண்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. உடனே வார்டுத் தலைவர் எழுந்தார். "பொம்பளை வந்தா அரை ஆள்தான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் கடைசியாத்தான் குழாய்."

கூட்டத்தில் வாய் திறக்காதே என்பீர்களே, திறந்துவிட்டேன். "ஆளை எண்ணாதீங்க அண்ணே, பள்ளத்தை அளங்க. வீட்டுக்கு நூறு முழம். யார் முதல்ல முடிக்கிறாங்களோ அவங்களுக்கு முதல் குழாய்."

கூட்டம் ஒப்புக்கொண்டது. ஆண்கள் வெளிநாடு போன பத்தொன்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்து தோண்டினோம். ஒன்பதாம் நாள் எங்கள் பங்கு முடிந்தது. தலைவர் வீட்டுப் பங்கில் பாதி அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டு தில்மாயா மண்வெட்டியோடு போய் நின்றாள். "அரை ஆள் அனுப்பட்டுமா அண்ணே?" ஊரே சிரித்தது.

குழாய் மேடையில் குடும்பத் தலைவர் பெயர் பொறிக்க வேண்டுமாம். உங்கள் பெயரைத்தான் கேட்டார்கள். தோண்டியவள் பெயரைப் போடச் சொன்னேன்.

நீங்கள் நேபாளம் வராமல் இரண்டு தசைன் பண்டிகை போய்விட்டது. வரும்போது வாருங்கள். தண்ணீர் தினமும் வருகிறது.

இப்படிக்கு,
முழு ஆள்