எர்த் வயர்

பாளையங்கோட்டை
ஜூன் 8, 2024

ஏலே செந்திலு, சுகமா?

போனில் சொன்னால் உன் மண்டையில் ஏறாது. பாலிடெக்னிக்கிலேயே பார்த்தவன்தானே நான். அதனால் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரி பொன்செல்வி பாடிய பதிவைக் கேட்டேன். குரலுக்கு என்ன குறை? ஆனால் அடியில் ஒரே உறுமல், அரிசி மில்லுக்குள் நின்று பாடினதுபோல. வானொலித் தேர்வில் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நீ தகரப் பெட்டிக்குள் கட்டிய ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் லேப்டாப்பும் எர்த்தில் போய்ச் சேர்வதால் வரும் இரைச்சல் இது. உன் பெட்டியின் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடு. எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். முறையாகச் செய்வதென்றால் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். அதற்கெல்லாம் யார் அலைவது?

அன்புடன்,
எஸ்றா

பாபநாசம்
ஜூன் 17, 2024

அன்புள்ள எஸ்றா,

உறுமல் போயே போய்விட்டது. லேப்டாப்பையும் பேட்டரியிலேயே ஓட்டினேன். செல்வி தன் குரலைக் கேட்டு அழுதுவிட்டாள். இன்னும் இசக்கியம்மன் பாட்டு ஒன்றுதான் பாக்கி. அதையும் எடுத்துத் தேர்வுக்கு அனுப்பிவிடுவோம்.

ஒரு சந்தேகம். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறது. மைக்கும் அப்படித்தான். செருப்புப் போட்டால் தெரியவில்லை. பரவாயில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன், செல்வி கூட்டாஞ்சோறு ஆக்குவாள்.

உன்,
செந்தில்முருகன்

பாளையங்கோட்டை
ஜூன் 24, 2024

செந்திலு,

சர்ச்சில் அசன விருந்து வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் இரண்டே வரி. வீட்டில் செய்த பெட்டி என்றால் கொஞ்சம் சுள்ளெனத்தான் செய்யும். செருப்பைப் போட்டுக்கொண்டு பாடச் சொல்.

எஸ்றா

பாளையங்கோட்டை
ஜூலை 20, 2024

அன்புள்ள செந்தில்,

நீ போனை எடுக்கவில்லை. வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் மாமியார் மாரிக்கண்ணு அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். சாரலில் ஈரமான தரையில் பொன்செல்வி வெறுங்காலோடு நின்று பாடியதையும், பாட்டு நடுவில் மைக்கைக் கையில் பிடித்ததும் கரண்ட் அடித்ததையும் அவர்தான் சொன்னார். செருப்புப் போடவில்லையா என்று புத்திகெட்டுக் கேட்டேன்.

"அம்மன் பாட்டுக்கு எவளாவது செருப்போட நிப்பாளாய்யா?" என்றார்.

நானும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை? பெட்டிக்குள் கரண்ட் கசிகிறதா என்றுதான் நீ கேட்டிருந்தாய். எர்த் இருந்திருந்தால் அது வழியாகவே போயிருக்கும். கழற்றச் சொன்னவன் நான். கேட்டவனுக்கு யோசிக்காமல் இரண்டு வரி எழுதிப் போட்டவனும் நான்தான். எங்கள் கோயில் பிளக்குகளில் எல்லாம் எர்த்தை மாட்டிவிட்டேன். அதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது?

பாவி நான். திட்டியாவது ஒரு வரி எழுது.

எஸ்றா

பாபநாசம்
ஆகஸ்ட் 11, 2024

எஸ்றா,

செல்வி பிழைத்துவிட்டாள். வலது கை விரல்களில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. பாடுவதில்லை. லைட் சுவிட்சைப் போடக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். தேர்வுக்கு அனுப்ப வேண்டிய தேதியும் போய்விட்டது.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அவுக வேணும்னா சொன்னாக? ஒருக்க வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததை நான் பார்த்தேன். அவள் மைக்கைப் பிடிப்பதற்குள் நிறுத்த எனக்கு நேரமும் இருந்தது. குரல் அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்தது லே. நிறுத்த மனசு வரவில்லை.

உன் முகத்தைப் பார்த்தால் இதை அவளிடம் சொல்லிவிடுவேன். நீ வர வேண்டாம். அவள் கேட்டால் நீ வெளியூர் போய்விட்டாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

செந்தில்முருகன்