ஒன்பதேகாலுக்குத் திரும்பும் மீனவன்

ஜூன் 3, செவ்வாய்

அறுபத்தொரு வயதில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சோம்பேறியாக இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். முப்பது வருடம் கப்பல் டிக்கெட் கொடுத்தபோது இந்த ஊரே என்னைச் சோம்பேறி என்று திட்டியது. இப்போது அதற்கே சம்பளம்.

சுற்றுலா அலுவலகத்துக்கு தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து எங்கள் தீவுக்குப் புதிதாக வந்திருக்கும் லொரேனா ஒரு தாளை நீட்டினாள். ‘துறைமுகத்தில் ஒரு நிதானமான காலை’ என்று தலைப்பு. 8.10 ரொட்டிக்கடை வாசலில் நின்று வாசனை பிடித்தல். 8.25 பூனை. 8.40 காப்பி, அவசரமில்லாமல், பன்னிரண்டு நிமிடம். 9.15 மீனவர் கரை திரும்புதல்.

“ஒன்பதேகாலுக்கு எந்த மீனவன்மா திரும்புவான்? அஞ்சரைக்கே வந்து மீனை வித்துட்டுத் தூங்கப் போயிடுவாங்களே.”

“அதெல்லாம் பேசி வச்சாச்சு ஆன்ட்டி. ஒருத்தர் ஒத்துக்கிட்டார். ஜெர்கோன்னு பேரு.”

ஜெர்கோ என் தம்பி. என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்க இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 4

ஸ்ப்லிட் நகரத்திலிருந்து என் மகள் நிவெஸ் போன் செய்தாள். செப்டம்பர் பதிமூன்றாம் தேதி கல்யாணம். அப்பா இல்லாத பெண். மாமா கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடப்பாளாம்.

“நீ போய்க் கூப்பிடும்மா. நீ கூப்பிடாம வரமாட்டேன்னு சொல்றார். அவர் வரலேன்னா நான் தனியா நடக்கறேன். எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க.”

என் வளர்ப்பு! மிரட்டக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஏன் போய்க் கூப்பிட வேண்டும்? என்ன செய்துவிட்டேன்? ஆறு வருடத்துக்கு முன், அன்று கடலைப் புரட்டும் தெற்குக் காற்று. நான் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன், அவன் படகு வந்தது. இங்கே கரையில் யார் இருந்தாலும் எழுந்துபோய் வருகிற படகின் கயிற்றை வாங்கிக் கட்ட வேண்டும், ஜென்ம விரோதியின் படகாக இருந்தாலும். நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். படகு கல்லில் இடித்து விலா பிளந்தது. நான் பார்க்கவில்லை என்று நூறு பேரிடம் சொல்லியாகிவிட்டது. அவன் மட்டும் நம்பமாட்டேன் என்றால்?

ஜூன் 10

பயணிகளோடு முதல் நடை. பதினொரு பேர். எட்டு இருபத்தைந்துக்குப் பூனை வரவில்லை. லொரேனா அதைக் குறித்துக்கொண்டாள். பூனையிடம் விளக்கம் கேட்பாளோ என்னவோ.

ஒன்பதேகாலுக்கு ஜெர்கோ வந்தான். விடியற்காலையே மீனை விற்றுவிட்டு, முனைக்குப் பின்னால் படகை நிறுத்தித் தூங்கிவிட்டு, வாளியில் ஓர் ஆக்டோபஸை மட்டும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கடலோடு போராடியவன் முகத்தோடு வந்தான். அந்த முகம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். பள்ளிக்கூடம் போகாமலிருக்க அதைத்தான் போடுவான்.

கயிற்றை நான் வாங்க வேண்டும், படம் நன்றாக வரும் என்று லொரேனாவின் உத்தரவு. கையை நீட்டினேன். விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். கயிற்றோடு தானே குதித்தான். ஏற்கெனவே கெட்டுப்போன முட்டி. வழுக்கி, கல்லில் மண்டி போட்டு விழுந்தான்.

“ஏன் யாருமே அவருக்கு உதவி செய்யல?” என்றாள் ஒரு ஜெர்மன்காரி.

என்ன சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “அது எங்க ஊர் வழக்கம்மா. மீனவர் தன் படகைத் தானேதான் கட்டணும். வேற யாராவது கயித்தத் தொட்டா அவருக்கு அவமானம்.”

பதினொரு தலைகளும் பக்தியோடு ஆடின. ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஜூன் 11

முட்டி வீங்கியிருக்கிறதாம். நான் விசாரிக்கவில்லை. காதில் விழுந்தது.

ஜூன் 24

என் பொய் அச்சாகிவிட்டது. நான்கு மொழிகளில், வழவழத் தாளில், ‘தீவின் தொன்மையான மரபு’ என்று. கயிற்றைத் தொடாதீர்கள், இரண்டடி தள்ளி நின்று மரியாதை செலுத்துங்கள். துறையெங்கும் ஒட்டியிருக்கிறார்கள்.

காப்பிக்கடை ஷ்பீரோ இன்று எல்லோர் முன்னாலும் கேட்டான்: “பெரினா, இன்னிக்கு எந்த மரபு பொறந்துச்சு? ஆணா, பொண்ணா?”

சிரிக்கட்டும். ஜெர்கோவும் படகிலிருந்தபடி சிரித்தான். என்னைப் பார்த்து இல்லை, ஆக்டோபஸைப் பார்த்து. அது மூன்றாவது ஆக்டோபஸ். முதல் இரண்டும் நாறிவிட்டன.

ஜூலை 20

நிவெஸ் மறுபடி கேட்டாள். கூப்பிட்டியாம்மா? வேலை அதிகம் என்றேன். சோம்பேறியாக இருப்பதில் அவ்வளவு வேலை!

ஜூலை 28, திங்கள்

கை எரிகிறது. கட்டுப்போட்ட கையோடுதான் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே தெற்குக் காற்று. இன்று நடை வேண்டாம் என்றேன். “காத்தும் ஓர் அனுபவம்தானே ஆன்ட்டி,” என்றாள் லொரேனா. எங்கள் ஆட்கள் எல்லோரும் தங்கள் படகுகளைக் காப்பாற்ற உள்துறைமுகத்துக்கு ஓடியிருந்தார்கள். இந்தப் பக்கம் என் கூட்டம் மட்டும். பத்துக் கிழங்கள், ஒரு பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கிய நான்கு தடியர்கள்.

ஜெர்கோ முனையைச் சுற்றித் திரும்பினான். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. கயிற்றை வீசினான். அது தடியர்களின் காலடியில் வந்து விழுந்தது. நான்கு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்கள்! கயிறு நழுவித் தண்ணீருக்குள் போனது. அவன் இழுத்து மறுபடி வீசினான். ஒருவன் குனிந்தான். இன்னொருவன் அவன் தோளைப் பிடித்து இழுத்து, அறிவிப்பைக் காட்டினான். ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்!

படகு அன்று இடித்த அதே கல்லைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது. இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். “என்கிட்ட போடுடா! டேய், போடுடா!” என்று கத்தினேன். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இவ்வளவு யோசிக்க அதுவா நேரம்? பிறகு போட்டான். கரையிலிருந்த இரும்புத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். உள்ளங்கைத் தோல் போயே போச்சு. படகு கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சொட்டச் சொட்ட நனைந்து ஏறி வந்தான்.

“இப்பக் கண்ணு தெரியுதா, அக்கா?”

“அன்னிக்கும் தெரிஞ்சுதுடா.”

சொல்லிவிட்டேன். இந்த நோட்டில்கூட எழுதாததை. பார்த்தேன். அவன் கத்தியதும் கேட்டது. முந்தின நாள், நான் வைத்த மீன் குழம்பை ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். அதற்காக. ஒரு குழம்புக்காக உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. வெட்கமா இருக்கு.

“தெரியும். நீ காப்பியக் கலக்கிக்கிட்டே இருந்த. நான்தான் பார்த்தேனே,” என்றான்.

“நிவெஸ் கல்யாணத்துக்கு வாடா.”

அவன் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சுற்றிவிட்டான். இதெல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

ஜூலை 30

வேலை போயிற்று. மரபை அவமதித்துவிட்டேனாம். இரண்டு பேர் புகார் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

ஜெர்கோ தன் வெள்ளைச் சட்டையை, கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கும் நிவெஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஒரு வார்த்தை கிடையாது. நான் என்ன சலவைக்காரியா? காலரில் மஞ்சள் கறை, கழுத்துப் பட்டனைக் காணோம். இருபது நிமிடம் திட்டினேன். பிறகு ஊறவைத்தேன். நாளை காய்ந்ததும் பட்டன் தைத்து இஸ்திரி போட வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்குத் தேவாலயம்.