இரண்டு கோமதிக்கு ஒரு ஓட்டு

எனக்கு அம்மன் பெயரை வைத்த என் அம்மாவுக்கு,

நீ போய், நம்ம கோவிலில் இரண்டு ஆடித்தபசுத் திருவிழா கழிந்துவிட்டது. மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருப்பதால் எழுதத் தோன்றியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், வீட்டில் யாரிடம் சொன்னாலும் அடங்காத ஒரு எரிச்சல். இதை நாலு பேர் படிக்கிற இடத்துக்கும் அனுப்பப் போகிறேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குத் திரும்பச் சொல்வேன், கோவித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான் அம்மா. புதிதாக வந்திருக்கும் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை.

உன் பெயரும் இல்லை. அதை நானேதான் இறப்புச் சான்றிதழோடு போய் எழுதிக் கொடுத்து எடுத்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். செத்தவங்க பேர் பட்டியல்ல கிடந்தா வேற எவனாவது அந்த ஓட்டைப் போட்டுருவான் என்று நீ எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறாய். உன் விஷயத்தில் அதை மீற முடியுமா?

அங்கன்வாடி டீச்சர் நீ. பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்து, தூங்க வைத்து, சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனதும் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போய்விட்டார்கள், யாருக்குப் பதினெட்டு முடிந்தது என்று வீடு வீடாகச் சரிபார்க்கிற வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் போவாய். ஆனால் ஒரு வீட்டையும் விட்டதில்லை.

நம்ம ஊர்க் கோவிலில் அம்மன் கோமதி, சாமி சங்கரன். அதனால் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பெண்கள் திரும்புவார்கள். ஆண்களில் பாதிப் பேர் சங்கர். கோமதிக்குச் சங்கர் என்றே மாப்பிள்ளை அமைந்துவிட்டால் பெரியவர்களுக்கு இன்னொரு பொருத்தமும் கூடிவந்த சந்தோஷம். நீயும் அப்படித்தானே என்னைக் கட்டிக் கொடுத்தாய், அதுவும் உன் வார்டுக்குள்ளேயே? எதிர்வீட்டிலும் ஒரு கோமதி. அவள் புருஷனும் சங்கர். வயசும் எங்களுக்கு ஒன்றுதான். நீ உன் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘பூ மார்க்கெட்’ என்றும், என் பெயருக்கு நேரே ‘என் மக’ என்றும் பென்சிலால் எழுதியிருந்தாய். அந்தப் பென்சில் எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறவில்லை.

இந்தத் தடவை எல்லாரும் புதிதாகப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பெயர் இருக்காது என்றார்கள். உன் இடத்தில் இப்போது வருகிறவர் ஓர் இளம் பள்ளிக்கூட வாத்தியார். பாவம், பகலெல்லாம் வகுப்பு, அதற்குப் பிறகு இது. அவர் வந்தபோது நான் உன் பேத்தி யாழினியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கோமதிக்கும் அச்சடித்து வந்த படிவங்களை எதிர்வீட்டுக் கோமதியிடமே சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தாள்.

அதில் இருந்த பழைய போட்டோ, கரிபிடித்த சட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்த மாதிரி இருந்தது. அது நானா அவளா என்று பெற்ற நீயே சொல்லியிருக்க முடியாது. பெயர் சரி, புருஷன் பெயர் சரி, தெரு சரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் படிவத்தில் நான், என் படிவத்தில் அவள். எம்.எஸ்ஸி. படித்தவள், அதுவும் உன் மகள், வாக்காளர் அட்டை எண்ணை ஒத்துப் பார்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

வரைவுப் பட்டியல் வந்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு கோமதி, கணவர் சங்கர். எண் அவளுடையது. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் எண் கிடந்தது, பக்கத்தில் ‘இரட்டைப் பதிவு’ என்று.

என் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்பினால்தான் பெயர் போனதா என்று கேட்டால் பதில் இல்லை. வாத்தியாரைக் கேட்டேன், கம்ப்யூட்டர் எடுத்திருக்கும்க்கா என்றார். தாலுகா ஆபீஸில் கேட்டால், வாத்தியார் அனுப்பியதைத்தான் ஏற்றினோம் என்கிறார்கள். கம்ப்யூட்டரை எங்கே போய்க் கேட்பது? ஒரு மனுஷியின் ஓட்டை எடுத்திருக்கிறார்கள், எடுத்தது நான்தான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்ததும், பாதி கட்டிய பிச்சிப்பூச் சரத்தோடு வந்து நின்றாள்.

“ஏட்டி, நீயும் நானும் ஒரே ஆளாம்லா. அப்பம் இன்னைக்கு எங்க வீட்டுப் பாத்திரத்தையும் நீயே வெளக்கிரு.”

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஓட்டு போனால் ரேஷனும் போய்விடுமா என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

இரண்டு பேரையும் அதே ஆபீஸுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றேன். முன்னால் நின்ற அண்ணாச்சி பக்கத்துத் திருவேங்கடம் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர். அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறிப்போனதற்காக மூன்றாவது முறையாக வந்திருந்தார். கோபப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை. சம்சாரம் உளுந்து பறிக்கத் தனியாக நிற்பாள் என்ற கவலைதான் இருந்தது.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் முகத்தைப் பார்க்காமல், லிஸ்டில் இருப்பது இரண்டு பேரில் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கோமதி சொன்னாள்.

“இவளே இருக்கட்டும் சார். நான் விடியுமுன்ன மார்க்கெட்டுக்குப் போற ஆளு. இன்னொரு நாளு இங்கன வந்து நிக்க முடியாது. இவ படிச்சவ, ஓட்டு இவளுக்குத்தான் உதவும்.”

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது அம்மா. ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு நொடிதான், ஆனால் நினைத்தேன். இரண்டு பெயரில் ஒன்றைப் பறித்துவிட்டு, மிச்சம் இருப்பதை யாருக்கு யார் விட்டுக்கொடுப்பது என்று எங்களையே பேச வைத்துவிட்டார்களே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. படித்தவளுக்குத்தான் ஓட்டு உதவும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என்னைப் போன்றவர்கள்தானோ?

அது அவள் எண், அவள் பெயர், அது அவளிடமே இருக்கட்டும் என்றேன். ரெண்டு கோமதி வந்து நிக்கோம்லா, ரெண்டு ஓட்டு தாங்க என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. யாழினி பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. சலிப்போடு ஆறாம் நம்பர் படிவத்தை எடுத்து நீட்டினார். புதிய வாக்காளராகப் பதிவதற்கான படிவம். அதில் நான் முதல் தடவையாகப் பெயர் சேர்க்கிறேன் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் மூணு எலெக்சன்ல ஓட்டுப் போட்டிருக்கேன் சார்.”

“இருக்கலாம்மா. சிஸ்டத்துல நீங்க இல்லையே.”

அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது. நீ கையைப் பிடித்துக் கூட்டிப் போய் என்னை முதல் ஓட்டுப் போட வைத்த நாள் நடக்கவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஓட்டு கிடைக்குமாம்.

நீயும் ஒரு தப்புச் செய்திருக்கிறாய். ஒரு வீட்டில் மகன் போட்டோவுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சாவு வீட்டில் கேள்வி கேட்டு நோகடிக்கக் கூடாது என்று நீ அந்தப் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு வந்தாய், பெயரையும் நீக்கிவிட்டாய். பையன் உயிரோடுதான் இருந்தான். வேறு சாதிப் பெண்ணைக் கட்டியதற்காக அவன் அப்பா தலைமுழுகி மாலை போட்டுவிட்டார். எம்.பி. தேர்தல் அன்று அவன் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து பூத்தில் நின்றான். இறந்தவன் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாளே நீ சிவகிரிக்குப் போனாய். அவன் குடியிருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, எந்தம்பி, ஒம்பேர எடுத்தது நான்தான், மன்னிச்சிரு என்று சொல்லியிருக்கிறாய். அந்த ஊரிலேயே அவன் பெயரையும் அவன் பெண்டாட்டி பெயரையும் சேர்க்கிறவரைக்கும் நடையாக நடந்தாய். வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு யார் வருவார்கள் அம்மா? தப்பு நடப்பது எனக்குப் புரிகிறது. நான்தான் செய்தேன் என்று வாசலில் வந்து நிற்க யாருமில்லாததுதான் பொறுக்கவில்லை.

கல்லூரியில் படித்தபோது, மெஷினில் யாருக்குப் போட்டாலும் ஒருத்தருக்கே விழுகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நான் எல்லாருக்கும் அனுப்பினேன். நீ போனைப் பிடுங்கி வைத்துவிட்டாய். கண்ணால பாக்காத ஒண்ண ஊருக்குச் சொல்லாத என்றாய். சரி, இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் என்ன பார்த்தேன்? இது எல்லாம் சதி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நம்பவும் ஆதாரம் இல்லை. இந்த நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு தெருவில் ஒரு கோமதி காணாமல் போனால் எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும். நாடு முழுக்க எத்தனை தெரு, எத்தனை பெயர்? அடுத்த எம்.பி. தேர்தலில் யார் ஜெயித்தாலும், ஜெயித்தவர் நிஜமாகத்தான் ஜெயித்தாரா என்று தோற்றவர்கள் கேட்டால் என்ன சொல்லி வாயை அடைப்பார்கள்? தொகுதிகளையும் மாற்றி வரையப் போகிறார்களாம். நம்ம பக்கத்துக் குரல் டெல்லியில் இன்னும் சன்னமாகிவிடும் என்று டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள்.

உன் மருமகனிடம் சொன்னால், நம்ம ஒரு ஓட்டுல டெல்லி மாறிரவா போகுது, சும்மா கையெழுத்தப் போட்டுட்டு வா என்கிறார். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, அதனால் சொல்கிறார். யாழினிக்கு நாலு வயசு. அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது ஓட்டு என்பது பெயருக்கு நடக்கிற ஒரு சடங்காக மிஞ்சியிருக்குமோ? எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காகப் பயப்படாமல் இருக்க முடியவில்லை.

நாளைக்குக் கடைசி நாள். படிவம் இதோ எதிரில் இருக்கிறது. பெயர் வேண்டும், அதனால் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் முதல் தடவை என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பக்கத்திலேயே என் பழைய அட்டை எண்ணையும், என் பெயர் நீக்கப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறேன். அடித்த படிவத்தை வாங்க மாட்டோம் என்று சொல்லலாம். சொன்னால், ஏன் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. தேர்தல் அன்றைக்கு எதிர்வீட்டுக்காரியோடு சேர்ந்து பூத்துக்குப் போவேன். பட்டியலில் பெயர் இருந்தாலும் போவேன், இல்லாவிட்டாலும் போவேன். நான் இல்லை என்பதை அவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
யாழினியின் அம்மா,
கோமதி
சங்கரன்கோவில்