உங்கள் தம்பி போடாத மாஸ்க்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே ஒருவழியாக நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு வாய்ப் புண் ஆறிவிட்டது. உமிழ்நீர்தான் இன்னும் ஊறவில்லை. தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரிகிறார். வாய் பாதிதான் திறக்கிறது. என்னைத் திட்ட அது போதுமானதாக இருக்கிறது.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடித்த பிறகு குறட்டை பலமாக வந்தது. மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று பூரித்துப் போனேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் பிறகுதான் கண்டுபிடித்தார். கரண்டில் தொண்டை வீங்கி இறுகிவிட்டதாம். காற்று ஊதும் மெஷின் கொடுத்தார்கள். அதன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

அதுதான் அவரால் முடியவில்லை. கரண்டு வைக்கும்போது முகத்தில் வலை மாதிரி ஒன்றை அழுத்தி, மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்களாம். இந்த மாஸ்க்கைக் கண்டாலே அந்த ஞாபகத்தில் வியர்த்துக் கொட்டுகிறது. "நீ மாட்டிக்கிட்டுப் படு. மெஷின்ல கணக்கு ஏறினா போதும், யாருன்னு அதுக்குத் தெரியவா போகுது?" என்றார். பாவம் பார்த்து மாட்டிக்கொண்டேன். அந்த இரைச்சலில் அவர் மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை, அண்ணி.

மெஷினில் பதிவானதைப் பார்த்து டாக்டர் அவரைப் பாராட்டித் தள்ளிவிட்டார். மூச்சு நிற்பதே இல்லையாம், வண்டி ஓட்டலாமாம். என் மூச்சுக்கு இவருக்குச் சான்றிதழ்! திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பஸ்ஸை எடுக்கிறார். நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், கையில் ஸ்பூனோடு அப்படியே தூங்கிப் போனார். மூச்சு நின்றது. பிடித்து உலுக்கினேன். விழித்துக்கொண்டு, தூங்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். பஸ் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

நாளைக் காலை டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். இவருக்குத் தெரியாது. முகத்தை மூடாத வேறு மாஸ்க் இருக்கிறதா என்றும் கேட்பேன். எப்படியும் இப்போதைக்கு வண்டி இல்லை என்றுதான் சொல்வார்கள். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்ற நினைப்பில்தான் அந்த மேஜையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அதை நானே பிடுங்கப் போகிறேன்.

உங்களுக்குப் போன் போட்டு, கட்டினவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பார். தம்பிப் பாசத்தில் அவர் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். என்னிடம் ஆயுசு முழுக்க முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கோபித்துக்கொள்ள அவர் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் அவரை ஆசீர்வதியுங்கள், அண்ணி.

உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
தம்பி மனைவி