ஊமைக் கம்ப்யூட்டரும் பம்பாய் சம்பந்தமும்

ஜூலை 9, வியாழன்

கச்சான் காற்று. வாசல் முழுக்கப் புழுதி. கம்ப்யூட்டரில் சத்தம் செத்து நாலு நாள். ஞாயிறு பதினோரு மணிக்குப் பம்பாய்க்காரர்கள் (பூர்வீகம் நம்மூர்தான்) அதில்தான் வருகிறார்கள், பேத்தி சுதாவைப் பேசி முடிக்க. பையனும் இவளும் முன்பே முடிவு செய்தாயிற்று. அவன் அப்பா தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

செய்தவை: ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகியது, மூன்று தரம். தலையில் தட்டியது, இரண்டு தரம். பலன் இல்லை.

"தட்டாதீங்க தாத்தா. டிரைவர் போயிட்டு."

அது என்ன என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நின்னு சைகை காட்டுத ஆளு மாதிரி. ஹார்பர்ல நீங்க பாத்த வேல."

"அப்ப அவனுக்கும் பென்ஷன் குடுத்து அனுப்பிட்டாவளோ?"

முறைத்தாள்.

ஜூலை 10, வெள்ளி

கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. சாளைக் குழம்பு. முள் தொண்டையில்.

சுதா வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்தாள். திரையில் மஞ்சள் முக்கோணம், அதுதான் நோயாம். அப்டேட்டை அமுக்கினாள். இருப்பதே நல்ல டிரைவர் என்கிறது. நல்லவன் ஏன் ஊமையாக இருக்கிறான்? மறுபடி அமுக்கினாள். அதே பதில். ஆஃப் செய்து ஆன். அதே பதில். என் வீட்டுக்காரி செல்லக்கனிகூட ஒரே பொய்யை மூன்று தரம் சொன்னதில்லை என்றேன்.

அடுக்களையிலிருந்து: "எனக்குக் கேக்கு."

ஜூலை 12, ஞாயிறு

சனி எழுதவில்லை. எரிச்சல்.

பதினொன்றுக்குப் படம் வந்தது. புருஷன், பெண்சாதி, பையன். சத்தம் இல்லை. 'பத்து நிமிஷம் பொறுங்க' என்று சுதா எழுதி அனுப்பினாள். 'சரி' என்று பதில். கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த நம்பரை நான் லென்ஸ் வைத்து வாசிக்க, அதற்கென்று உள்ள டிரைவரைத் தேடிப் பிடித்தாள். இறங்குகிறது, இறங்குகிறது. அதற்குள் பாதிக் கப்பல் சரக்கை இறக்கிவிடலாம்.

ஹார்பரில் கிரேன் கேபினில் இருப்பவனுக்குக் கீழே பேசுவது கேட்காது. கை 'மெதுவா இறக்கு' என்று காட்டும், வாய் அவனைத் திட்டும். முப்பது வருஷப் பழக்கம். இங்கேயும் கை பையனின் அப்பாவைக் கும்பிட்டபடி, முகமெல்லாம் சிரிப்பு. வாய் மட்டும் பழைய வாய்.

"ஏலே, மீசையப் பாரு. தாரு பூசின தோணி மாதிரி. சட்டைப் பொத்தான் எப்பத் தெறிக்கும்னு பயமால்லா இருக்கு."

செல்லக்கனி தொடையில் கிள்ளினாள். அவளும் சிரித்தாள், அதை இப்போது ஒத்துக்கொள்ள மாட்டாள்.

டிரைவர் ஏறியது. ஸ்பீக்கரில் ஒரு மணிச் சத்தம். அப்புறம் பையனின் அப்பா குரல்.

"அண்ணாச்சி, எங்களுக்கு முதல்லருந்தே நல்லா கேக்கு."

படம் அணைந்தது.

மைக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறதாம். நாம் பேசுவது போவதற்கு இந்த டிரைவரே வேண்டாமாம். முதலிலேயே யாருக்காவது தோன்றியிருக்கலாம். சுதா சாப்பிடவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

ஜூலை 14, செவ்வாய்

போன் போட்டேன், நாலு தரம். பையனின் அப்பா எடுக்கவில்லை. சுதா ஆபீஸ் போகிறாள், வருகிறாள். என் காபி மேஜையில் இருக்கிறது, வைத்த ஆளைக் காணோம்.

பையன் கெஞ்சியதில் நாளை சாயங்காலம் கம்ப்யூட்டரில் வருகிறாராம்.

செல்லக்கனி: "மன்னிப்பு கேளுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வரக் கூடாது."

ஜூலை 15, புதன்

வெள்ளை வேட்டி. ஆறு மணிக்கு அவர் வந்தார். மீசையில் மை இல்லை. பூராவும் நரை.

யோசித்து வைத்த பேச்செல்லாம் போயிற்று. கும்பிட்டபடியே சொன்னேன். தப்பு என் வாய் மேல், பிள்ளை மேல் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை. எனக்குப் பதில் அவளை அழ விடாதீர்கள். துண்டால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. அஞ்சு நிமிஷம் இருக்கும். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒன்னும் கேக்கல. வாய் மட்டுந்தான் அசையுது."

புது டிரைவர் வந்த கையோடு, கேமரா மைக்கை விட்டுவிட்டு, ஒயரே சொருகாத வேறொரு மைக் ஓட்டையில் காதை வைத்திருக்கிறது. சனியன். சுதா பாய்ந்து மவுஸைப் பிடித்தாள்.

"இரும்மா, சரி பண்ணாத," என்றார் அவர். "தாத்தா கண்ணத் தொடச்சதப் பாத்தாச்சு. ஆவணியில தேதி பாருங்க."

ராத்திரிக் காபியைச் சுதா கையிலேயே கொடுத்தாள்.

ஆவணி வரை மைக்கை ஒருத்தரும் தொடக் கூடாது. செல்லக்கனி உத்தரவு.